கண்ணாடி அறை வழியாக

அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்ட மறுநாளே ஊர்த்தெருக் கன்னியப்பன் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அவர்கள் மாட்டுக்கொட்டகை வேலைக்கு அம்மாவுக்குப் பதிலாக என்னை அனுப்ப வேண்டுமாம். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. "திங்கக்கிழமை சொல்றேங்க" என்றாள்.

அதற்குள் எனக்கு வாலாஜாபாத் ரோட்டுக் குடோனில் வேலை கிடைத்தாக வேண்டும். நான் பதினொன்றாவதோடு படிப்பை விட்டவள். பக்கத்து வீட்டு ஞானசுந்தரி அங்கேதான் வேலை செய்கிறாள்.

"பெட்டி தூக்குறது பெருசில்ல திலகா. ஆள் எடுக்குற சாருக்குத் தமிழ் தெரியாது. எங்க வைக்கணும், எப்படிப் போவணும்னு இங்கிலீஷ்ல சொல்வாரு. அதே மாதிரி செய்யணும். செஞ்சத இங்கிலீஷ்லயே சொல்லணும்."

அவள் எங்கள் வீட்டையே குடோன் ஆக்கினாள். பருப்பு டப்பா பலகைமேல் இருந்தால் ஆன். தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தால் ஆன்டூ. கோழி கூடைக்குள் நுழைந்தால் இன்டூ, நுழைந்து உட்கார்ந்துகொண்டால் இன்.

அம்மா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப இது?"

"இன் தி கட்டு, அத்த."

"வலிக்கிதுன்னு சொன்னாலே தெரியும். இதுக்குப் போயி இங்கிலீஷ் இன்னாத்துக்கு?"

அக்ராஸும் த்ரூவும்தான் என்னைக் குழப்பின. ஞானசுந்தரி என்னை முன்கதவில் நுழைந்து பின்கதவில் வெளியே வரச் சொன்னாள். "இது த்ரூ. ரோட்டத் தாண்டுனா அக்ராஸ்." பிறகு நான் தப்பு செய்யவில்லை.

சனிக்கிழமை குடோனில் எங்கள் நாலைந்து பெண்களுக்குச் சோதனை வைத்தார்கள். அலமாரியின் கீழ்த்தட்டு, மேல்தட்டு, இரண்டு சிவப்புப் பெட்டிகளுக்கு நடுவில் என்று சார் சொன்ன இடத்திலெல்லாம் வைத்தேன். "பிட்வீன் தி ரெட் பாக்ஸஸ், சார்" என்றேன். தலையாட்டினார். கடைசியாக, ஒரு பெட்டியை ஆபீஸ் வழியாக லாரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

ஆபீஸ் ஒரு கண்ணாடி அறை. இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. உள்ளே மடிப்புக் கலையாத சட்டையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். சார் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கண்ணாடிக்கு முன்னால் போனதும் என் கால் திரும்பிக்கொண்டது. வெயிலில் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு போய் லாரியடியில் நின்றேன்.

சார் வந்தார். "ஐ செட் த்ரூ. வாட் இஸ் த்ரூ?"

"இன் அட் ஒன் டோர், அவுட் அட் தி அதர், சார்."

"தென் வொய்?"

எங்கள் தெருவிலிருந்து பஸ்ஸுக்கு ஊர்த்தெரு வழியாகப் போனால் கிட்ட. யாரும் என்னை மறித்ததில்லை. நாங்கள்தான் ஏரிக்கரையைச் சுற்றிப் போவோம். கன்னியப்பன் வீட்டுக்கும் அம்மா பின்சந்தாலேதான் போவாள், வருவாள். நடக்கப் பழகினதிலிருந்து என் கால் கற்றுக்கொண்டது அதுதான். தமிழிலேயே யாரிடமும் சொன்னதில்லை. சாரிடம் எப்படிச் சொல்வது?

அவர் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அவள் எழுந்து வந்தாள். நான் நகர்ந்தால் திங்கட்கிழமை சாணி அள்ளப் போக வேண்டியதுதான்.

"சார். ஒன்ஸ் மோர்."

என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் காட்டினார்.

பெட்டியோடு திரும்பி வந்து, தோளால் கதவைத் தள்ளினேன். உள்ளே சில்லென்றிருந்தது. யாராவது அதட்டுவார்கள் என்று முதுகு காத்துக்கொண்டே இருந்தது. ஒருவர் போன் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பெட்டி இடிக்காமலிருக்க நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டார். யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பக்கக் கதவைத் தள்ளி வெளியே வந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

"மண்டே" என்றார் சார்.

பஸ்ஸில் ஞானசுந்தரி தலையில் குட்டினாள். "தெரிஞ்சிக்கினே ஏன்டி சுத்துன, லூசு?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"உள்ள போறச்ச யாரும் ஒண்ணும் சொல்லல?"

"இல்லம்மா. ஒருத்தரு நாற்காலிய இழுத்துக்கினு வழி வுட்டாரு."

அம்மா இடது கையால் முந்தானையைச் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"கன்னியப்பன் வூட்ல சொல்லிட்டு வந்துடறேன். வேற ஆளு பாத்துக்கட்டும்."

"நானும் வரேம்மா."

"வேணாம். நீ அந்தப் பக்கம் வந்தன்னா, நின்ன இடத்துலயே சாணிக் கூடையக் கையில குடுத்துடுவாங்க."