ஒற்றைக் காதுக்கு எட்டாத பிள்ளை

யாழ்ப்பாணத்துக் குருநகர் மாதா கோயிலில் அந்தத் தவக்காலத்தில் இரண்டு பேர் பாட மூன்று குரல் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் கிறிஸ்ரோபர், பெண்கள் பக்கத்தில் அவனுடைய எதிர்வீட்டு றஜனி. ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரியாகப் பாடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. இரண்டு சுருதியும் சற்றே விலகி நிற்க, நடுவில் ஒரு பெண்பிள்ளையின் குரல் எழுந்தது. கைத்தொலைபேசியில் பதிந்து பார்த்தார்கள், அகப்படவில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பிக்கும் அருள்நேசன் வந்து, ஒவ்வொரு காதிலும் வெவ்வேறு ஒலி போனால் மூளை இல்லாத ஒன்றைத் தானே உண்டாக்கும், அதற்கு இரண்டு காதும் வேண்டும் என்றார். சனம் தலையாட்டிவிட்டுப் பிள்ளைக்கு ரொபி மிட்டாய் வாங்கி வைத்தது.

கிறிஸ்ரோபரின் மனைவி லவீனாவுக்கு மட்டும் அந்த மூன்றாவது குரல் கேட்கவில்லை. சிறுவயதில் பக்கத்தில் விழுந்த செல் குண்டு அவளுடைய இடக்காதைக் கொண்டுபோயிருந்தது. அவளுக்குப் பிள்ளையும் இல்லை.

"கிறிஸ்ரோபரின்ரை மூக்கு அப்பிடியே இருக்கு," என்றாள் மீன் விற்கும் மார்கிரட்.

"குரலுக்கு மூக்கெங்கையடி?" என்றாள் லவீனா.

"நீ கேட்டாலெல்லோ தெரியும்."

லவீனா சிரித்து விழுங்கினாள். அடுத்த வெள்ளி, கோயிலுக்குப் போகுமுன் கணவனின் ஒரு காதைப் பஞ்சும் மெழுகும் வைத்து அடைத்தாள். பலன் வேறாயிற்று. அதுவரை கண்ணை மூடிப் பாடியவன், காணாமற்போன குரலைத் தேடி றஜனியின் வாயைப் பார்த்தே பாடினான்.

"இனி நீங்கள் பாடப்படாது. பாடினா நான் இந்த வீட்டிலை இல்லை."

"ஓம்," என்றான் அவன். அதன்பிறகு பாடவில்லை.

வருடங்கள் போயின. றஜனி தனியே பாடினாள். நடுவில் ஒன்றும் எழவில்லை. ஒரு மாரிகாலத்துப் பின்னேரம், பாதிக் குரல் கிடைக்காமல் மெலிந்துபோன பிள்ளை லவீனாவின் படலைக்கு வந்து அழுதது. தெரு முழுவதும் வெளியே வந்து பார்த்தது. கிறிஸ்ரோபர் படலையில் கைவைத்தான். திறக்காமல் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள் லவீனா.

"அம்மாவாம்."

"எதிர்வீட்டைக் காட்டிவிடுங்கோ."

"றஜனி திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறாள். போகுதில்லை. உன்னைத்தான் கூப்பிடுது."

லவீனா எதிரே பார்த்தாள். றஜனியின் முகத்தில் இருந்தது அவளுக்கு நன்றாகப் பழகிய ஒன்று.

"காலைக் கழுவிப்போட்டு வரச்சொல்லுங்கோ," என்றாள்.

இப்போது அந்த வீட்டில் மூன்று கோப்பை தேத்தண்ணீர் ஊற்றப்படுகிறது. பிள்ளை படிப்பில் சுமார், வாய் அதிகம் என்று அயலில் சொல்கிறார்கள். றஜனி வேலியோரம் வந்து நின்றால், லவீனா றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.