உள்ளே யாரும் இல்லை

"அண்ணி, பாப்பா ஸ்கூல் மாடிப்படியில உருண்டுட்டாளாம்! வண்டி நிக்குது, சீக்கிரம் வாங்க!"

கொழுந்தன் வாசலில் நின்று கத்தியதும் தையல்காரி மிஷினை நிறுத்தினாள். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அப்போதுதான் அவன் சட்டைப்பை கண்ணில் பட்டது. உள்ளே ஒரு புதுப் பூட்டு புடைத்துக்கொண்டு நின்றது.

எழுந்தவளுக்குக் கால் நகரவில்லை.

புருஷன் பத்து வருஷக் குத்தகைக்கு எடுத்த வீடு அது. முன்னறையில் தையல் கடை, பின்னால் குடித்தனம். பாதிக் காலம்கூட முடியவில்லை, அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். "அண்ணன் எடுத்த வீடு தம்பிக்குத்தான். தாலியறுத்தவளுக்குத் தனி வீடு எதுக்கு?" என்று சொந்தபந்தம் கூடிப் பேசி முடித்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரவிக்கை தைக்க வந்த வக்கீலம்மாதான் விளக்கிச் சொன்னாள். "வீடு சொந்தக்காரரோடது. ஆனா குத்தகை முடியிற வரைக்கும் அதுல இருக்கற உரிமை, உன் புருஷனுக்கப்புறம் உனக்கும் உன் பொண்ணுக்கும்தான். கோர்ட்டு சொல்லாம உன்னை யாரும் வெளியேத்த முடியாது. ஆனா வீடு உன் கைவசம் இருக்கணும். சட்டத்துல அதைச் சுவாதீனம்னு சொல்லுவோம். ஆளில்லாத நேரம் பார்த்து எவனாவது பூட்டிட்டான்னு வை, கேஸ் போட்டு மீட்கலாம். அதுக்குள்ள நீ தெருவுல நிப்பே."

அன்றிலிருந்து அவளுக்கு வாசற்படி தாண்டவே பயம். கடைக்குப் போவதுகூட மகள்தான்.

இப்போது அந்த மகளையே சொல்லிக் கூப்பிடுகிறான். பொய்யாக இருந்தால் வீடு போகும். நிஜமாக இருந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"என்ன அண்ணி, கல்லு மாதிரி நிக்கிறீங்க? பெத்தவதானே நீங்க?"

அந்த நேரம் சலவைக்காரி தேய்த்த துணி மூட்டையோடு வந்து படிக்குக் கீழே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படியைத் தாண்டியதில்லை. புருஷன் வீட்டார் விட்டதில்லை. தையல்காரியும் கூப்பிட்டதில்லை.

"அக்கா, உள்ள வாங்க."

யாரைக் கூப்பிடுகிறாள் என்று சலவைக்காரி பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களைத்தான்க்கா. இந்த நாற்காலியில உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் யாரு சொன்னாலும் எழுந்திரிக்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

கொழுந்தனின் வண்டியில் ஏறாமல் தெருவில் ஓடினாள். செருப்பு அறுந்தது. உதறிவிட்டு ஓடினாள். பள்ளிக்கூடத்தில் மகள் வகுப்போடு சேர்ந்து வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுத தையல்காரிக்கு, அழுகை நிற்பதற்குள் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள்.

வக்கீலம்மா ஒரு போலீஸ்காரரோடு வந்து சேர்ந்தாள். எல்லோருமாகத் தெருவுக்குள் திரும்பியபோது, கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. வாசலில் கொழுந்தன் கைகட்டி நின்றான்.

போச்சு. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காலி வீடு சார்," என்றான் கொழுந்தன் நிதானமாக. "விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் சுவாதீனம் எடுத்துக்கிட்டேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நடுங்கினாலும் உரக்கவே கேட்டது.

"அம்மா, வந்துட்டீங்களா? வெளிய போடின்னு கையை ஓங்கினாரும்மா. நான் எழுந்திரிக்கல. நாற்காலியிலதான் இருக்கேன்."

போலீஸ்காரர் சாவிக்காகக் கையை நீட்டினார். "உள்ள ஆளை வச்சுப் பூட்டிட்டு, காலி வீடுன்னா சொல்றே?"

"ஆளா?" கொழுந்தன் விழித்தான். அன்றைக்குப் பூராவும் பொய்யே பேசியவன், இதை மட்டும் மனதாரச் சொன்னான்.

"ஆளு யாரும் இல்லையே சார். சலவைக்காரிதான் இருக்கா."