கழுவாத கால்கள்

அன்று மொந்தால்வோ குடும்பத்தின் சிற்றாலயத்தில் இருந்தவர்கள் குடும்பத் தலைவர் தோன் ஓராத்சியோ, அவருடைய விதவைத் தங்கை தோன்னா போர்சியா, பங்குச் சாமியார் தோன் அனியெல்லோ, ஓவியர் தீபெரியோ. வேறு யாரும் இல்லை.

தோன் ஓராத்சியோ ஆலயத்துக்கென்று வரையச் சொன்ன படம் அன்று வந்திருந்தது: இயேசுவை அடக்கம் செய்யும் காட்சி. செலவு செய்தவரின் முகத்தை ஒரு மூலையில் வரைவது நேப்பிள்ஸ் வழக்கம். தோன் ஓராத்சியோவுக்கு மூலை போதவில்லை. தன் சொந்தக் கல்லறையை ஆண்டவருக்குக் கொடுத்த அரிமத்தியா சூசையாகவே தன்னை வரையச் சொன்னார். அதற்காகக் குளிர்காலம் முழுவதும் ஓவியரின் கூடத்தில் வைக்கோல் மூட்டையை இரு கைகளாலும் பற்றியபடி மண்டியிட்டார். மூட்டை இருக்கும் இடத்தில் பிணத்தின் கால்களைப் பிறகு வரைந்துகொள்வதாக ஓவியர் சொல்லியிருந்தார்.

தீபெரியோ படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்.

தோன் ஓராத்சியோ முதலில் தன் முகத்தைத்தான் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கைகளைப் பார்த்தார். அவற்றுக்குள் வீங்கி, நகங்களில் மண் ஏறி, குதிகால் வெடித்த இரண்டு கால்கள். இரண்டிலும் இரண்டாம் விரல் கட்டைவிரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. மொந்தால்வோ ஆண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். செருப்புத் தைப்பவன் அவர்களுக்கென்றே தனி அச்சு வைத்திருந்தான்.

போர்சியாவின் ஜெபமாலை நின்றுவிட்டது.

தோன் ஓராத்சியோவின் மகன் லேலியோ ஃபிளாண்டர்ஸ் போரில் படையை விட்டு ஓடியவன். சேதி வந்த வாரமே, வீரமரணம் என்று ஊருக்குச் சொல்லி, பூசை வைத்து, பெயர் பொறித்த கல்லை இதே தரையில் பதித்தார் தந்தை. போன டிசம்பரில் தர்ம ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவன் வந்தான். காய்ச்சலில் செத்த பிச்சைக்காரன் ஒருவன் தன்னை லேலியோ மொந்தால்வோ என்று சொன்னானாம். வந்து அடையாளம் பார்க்க முடியுமா என்று கேட்டான். என் மகன் ஃபிளாண்டர்ஸில் செத்தவன் என்று சொல்லி, வாசலோடு அவனைத் திருப்பி அனுப்பினார்.

சாமியாருக்குக் கால்கள் பிடிக்கவில்லை.

“ஆண்டவரோட காலாய்யா இது? கழுதைக்காரன் காலு. உன் வீட்டுல தண்ணிக்குப் பஞ்சமா?”

“தர்ம ஆஸ்பத்திரிப் பிணம், சாமி. கேட்டு வாங்கி, பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். கழுவிவிட ஒரு ஆளும் வரல. இருந்தபடியே போட்டுட்டேன்.”

அந்தப் பிணத்தை எங்கே புதைத்தார்கள் என்று தோன் ஓராத்சியோ பிசிறில்லாத குரலில் கேட்டார். அநாதைகளின் பொதுக்குழியில் என்றார் ஓவியர். சுண்ணாம்பு கொட்டி மூடியாகிவிட்டது. இனி யார் எவரென்று பிரிக்க முடியாது.

போர்சியா அண்ணன் காதருகே வந்தாள். “அண்ணா, அவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தக் குழிமேலயாவது அவன் பேருக்கு ஒரு பூசை வைக்கலாம்.”

சொன்னால் தரையிலிருக்கும் கல் பொய்யாகிவிடும். ஓடிப்போனவனின் அப்பன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

“நம்ம பையன் ஃபிளாண்டர்ஸ்ல செத்தான், போர்சியா.”

கால்களையாவது சுத்தமாக்கித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டார் சாமியார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் தோன் ஓராத்சியோ. அவருடைய இரண்டு கைகளும் வைக்கோல் மூட்டையைப் பற்றிய வாக்கிலேயே நின்றிருந்தன. போர்சியா விரல்களைப் பிரித்துவிடப் பார்த்தாள். முடியவில்லை.

மகனின் உடலைத் தோன் ஓராத்சியோவே ஓவியருக்குக் கொடுத்தார் என்று நேப்பிள்ஸில் இன்றும் பேச்சு உண்டு. அது பொய். அவர் அந்த உடலைக் கொடுக்கவும் இல்லை, கேட்டு வாங்கவும் இல்லை.