ஆடி கழியட்டும்

எங்கள் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் நாள் குறிப்பவர் என் மாமனார் திருஞானசம்பந்தம். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நகம் வெட்டவும் பஞ்சாங்கம் பார்ப்பார் என்று என் கணவர் குமரகுருபரன் கேலி செய்வதுண்டு, அவர் காதில் விழாத தூரத்தில். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, தொண்ணூற்று நான்கில் நான் உண்டானேன். டாக்டர் சங்கரி ஸ்கேன் எடுக்கச் சொன்னது ஆனிக் கடைசியில். அப்போது ஐந்தாம் மாதம்.

"ஆடி பொறக்கப் போகுது. முதல் பிள்ளை வேற. ஆடி கழியட்டும், ஆவணில நல்ல நாளா பாத்துப் போவோம்," என்றார் மாமா.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும்தான். ஒரு மாதம் தள்ளிப் பார்த்தால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன்.

ஆவணியில் முதல் நல்ல நாளில் போனோம். பிள்ளைக்கு மண்டையோடு இல்லை. புருவத்துக்கு மேலே ஒன்றுமே உருவாகவில்லை, மூளையும் சேர்த்து. டாக்டர் சங்கரி இதைச் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "பொறந்தா சில மணி நேரம் மூச்சு இருக்கலாம் டீச்சர். அதுக்கு மேல இருக்காது."

"அப்ப இப்பவே எடுத்துருங்க."

இதைச் சொன்னது நான்தான். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"இருவது வாரத்துக்குள்ள வந்திருந்தா, உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு செஞ்சிருப்பேன். இப்ப இருவத்தி மூணு. சட்டம் விடாது."

"பொழைக்காதுன்னு நீங்கதான சொல்லுதிய?"

"தாய் உசுருக்கு ஆபத்துன்னா சட்டம் விடும். உங்க உசுரு நல்லா இருக்கு."

என் உயிர் நல்லா இருக்கிறதாம். இப்படி ஒரு நல்ல சேதியை இவ்வளவு வருத்தமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"சட்டத்த விடுங்க. நீங்க என்ன நினைக்கிய?"

"எங்கிட்ட விட்டா இன்னைக்கே அட்மிட் பண்ணிருவேன். ஜெயிலுக்குப் போக தைரியம் இல்ல டீச்சர்." அவர் கண் கலங்கியிருந்தது. கலங்கி என்ன செய்ய? எனக்கு அந்தக் கண்ணீர் எதற்கும் உதவவில்லை.

வீட்டில் சபை கூடியது. வெளியூரில் யாருக்கும் தெரியாமல் செய்கிற இடம் ஒன்று இருப்பதாக என் கணவர் சொன்னார். மாமா துள்ளிவிட்டார். "முப்பது வருசம் கோர்ட்ல கெடந்தவன் வீட்டுலயா? கள்ளத்தனமா செய்யுதவன் கையில இவளக் குடுத்து, இவளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நீ என்னலே செய்வ?" மாமியார் உலகம்மாள், காந்திமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், தலை வளர்ந்துவிட வேண்டும் என்று. மூன்று பேரும் என் வயிற்றைப் பார்த்தே பேசினார்கள். கொஞ்சம் மேலே, என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"என்னையும் ஒரு வார்த்தை கேளுங்களேன்," என்றேன்.

"நீ எதுக்கும்மா ராஜேஸ்வரி மனசப் போட்டு உழப்பிக்கிடுத? போயி படு," என்றார் மாமா. அன்பாகத்தான் சொன்னார். போய்ப் படுத்தேன், தூங்கத்தான் இல்லை.

டெல்லியில் உட்கார்ந்து இருபது என்று எழுதியவர்களுக்கு ஆடி மாதம் என்று ஒன்று இருப்பது தெரியாது. மாமாவுக்கு இருபது என்று ஒன்று இருப்பது தெரியாது. கோர்ட்டிலேயே பழுத்த மனிதருக்கு!

பிறகு அதைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போனேன். பாளையங்கோட்டை பஸ்ஸில் ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். "வயித்தப் பாத்தா ஆம்பளப் பிள்ளைதான்," என்பார்கள். எல்லோருக்கும் சிரித்து வைப்பேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் உள்ளே துள்ளும். அது வெறும் நரம்புத் துடிப்பு என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் என் கை தானாக வயிற்றுக்குப் போய்த் தட்டிக் கொடுத்துவிடும். எடுத்துவிடச் சொன்னவளும் நான், தட்டிக் கொடுப்பவளும் நான். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கும். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

கார்த்திகைக் கடைசியில், மழை பெய்த ஒரு காலையில் பிறந்தாள். அழவில்லை. மூச்சு இருந்தது. நர்ஸ் சாரம்மாள் வெள்ளைத் துணியைக் குல்லா மாதிரி சுற்றி, தலையை மறைத்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் கிடத்தினாள். பழக்கதோஷத்தில், "சேனை யாரு வைக்கிய?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதற்கு ஆள் பார்க்கிற மும்முரத்தில் எங்கள் ஜனங்கள் மாப்பிள்ளைகூடப் பார்க்க மாட்டார்கள்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். என் கணவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமாதான் முன்னால் வந்தார். சாரம்மாளிடம் கிண்ணத்தை வாங்கினார்.

"நான் வைக்கேம்மா," என்றார். "என்னாலதான..." அந்த மனிதர் அழுது அன்றுதான் பார்த்தேன். அவர் மேலிருந்த கோபமெல்லாம் அதில் கரைந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். கரையவில்லை.

"கிண்ணத்த எங்கிட்ட குடுங்க மாமா. நானே வைக்கேன்."

"பெத்தவ வைக்கது வழக்கமில்லையே," என்றாள் அத்தை, சுவரைப் பார்த்தபடியே.

"இதயாவது நான் முடிவு செய்யுதேன் அத்தை."

மாமா கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார். சாரம்மாள் என் முதுகைத் தாங்கி பைய உட்கார வைத்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். நாக்கு அசைந்தது. இன்னொரு தரம் வைத்தேன். என் விரலைச் சப்பினாள்.

மத்தியானம் வரை இருந்தாள். அதுவரைக்கும் அவளுக்கு என் குணம் இருந்திருக்கும்.