என்ன கத்தி?

பெரியவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் முழங்காலை முட்டுக்கொடுத்து அவரை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. சித்தாளாக சிமெண்டு மூட்டை தூக்கிய உடம்பு அவளுடையது. இந்த ஆள் அதற்கு ஒரு கனமே இல்லை. ஆயுசு முழுக்கச் சுவரைத் தேய்த்து உள்ளே போன தூசி அவர் நெஞ்சுக்குள் சரளைக்கல்லை உருட்டிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் பொறுத்துக்கப்பா. வந்துருவாங்க.”

வர வேண்டியவர்கள் வக்கீலம்மாவும் கோர்ட்டு அதிகாரியும். தம்பி ஜெயிலில் இருக்கிறான். வேலை முடிந்து, குடித்துவிட்டு வரும் வழியில் ஒருவரைத் தள்ளிவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். செய்தது தப்புதான், அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் கொள்ளையடித்தவனிடம் ஆயுதம் இருந்தால் தண்டனை இரண்டு மடங்கு என்றது அப்போதைய சட்டம். நீதிபதியே நினைத்தாலும் குறைக்க முடியாது. ஆயுதம் இருந்ததாகச் சொன்னது பையைப் பறிகொடுத்தவர் அல்ல, அப்பா.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், பையன் உழைப்பாளி என்று காட்டுவதற்காகப் பெருமையாகச் சொன்னார்: “என் மகன் எந்நேரமும் கத்தியோடதாங்க இருப்பான். அன்னைக்குக் காலையிலகூட நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

பெயிண்டரான அப்பாவுக்கும், அவரிடமே தொழில் பழகிய தம்பிக்கும், கத்தி என்றால் பெயிண்ட் அடிக்குமுன் சுவரில் பட்டி மாவு இழுக்கிற தகடு. பட்டி வழவழப்பாக விழ அதன் விளிம்பைத் தேய்த்துத் தீட்டுவார்கள், ஆனாலும் அதை வைத்து வாழைப்பழத்தைக்கூட ஒழுங்காக நறுக்க முடியாது. ஓடும்போது அது எங்கோ விழுந்து தொலைந்ததால் எடுத்துக் காட்டவும் வழியில்லாமல் போனது.

இப்போது சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆயுதம் இல்லையென்று தெளிவானால் பழைய தண்டனையைத் திரும்பப் பார்க்கலாம். உள்ளே இருந்த காலமே போதும் என்று தம்பியை விட்டுவிடவும் கூடும். கத்தி என்ற சொல்லுக்கு எந்தப் பெயிண்டரும் அர்த்தம் சொல்லிவிடலாம், ஆனால் அன்றைக்குக் கொடுத்தது எது என்று கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும் என்றார் வக்கீலம்மா. அப்பாவால் எழுந்து போக முடியாததால் கோர்ட்டு வீட்டுக்கே வருகிறது.

பெரியவள் நாள்கணக்காக அவருக்குப் பாடம் நடத்தியிருந்தாள். தகடு என்று சொல்லு, தகடு என்று சொல்லு. இருமலுக்கு நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்தது. “தகடுன்னு சொல்றவன் தகரக்கடைக்காரன்டி. நாங்க என்ன டப்பாவா தட்டுறோம்?” அப்புறம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி சரி என்று தலையாட்டினார்.

அதிகாரி வந்து வீட்டிலிருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்து யாரும் பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது, கொடுத்தால் மொத்தமும் செல்லாது என்று வக்கீலம்மா இன்னொரு முறை சொல்லிவிட்டுச் சுவரோரமாக நின்றார்.

“ஐயா, அன்னைக்குக் காலையில உங்க மகன்கிட்ட என்ன குடுத்தீங்க?”

அப்பாவின் மணிக்கட்டு போர்வைமேல் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு இழுத்தது. திருப்பி, இன்னொரு இழுப்பு. அதிகாரி அதை வலி என்று நினைத்துக் காத்திருந்தார்.

“கத்தி” என்றார் அப்பா.

பெரியவள் வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன கத்தி?”

அப்பா அதிகாரியைப் புரியாமல் பார்த்தார். கத்தியில் என்ன கத்தி? ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே வெகுநேரம் ஆனது.

“நல்ல கத்தி. நானே… தேச்சு, கூராக்கிக் குடுத்தது.”

அதிகாரி எழுதினார். பெரியவள் “அப்பா” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வருவதற்குள் வக்கீலம்மா கையை உயர்த்திவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தோளை அழுத்தினாள், அழுத்தினால் மீதி வெளியே வந்துவிடும் என்பதுபோல. எதுவும் வரவில்லை. முழங்காலில் சாய்ந்திருந்த உடம்பு திடீரெனக் கனத்தது.

வாசலில் வைத்து, இதற்கு இனி என்ன செய்வது என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் வக்கீலம்மா.

“பாக்கலாம்னா?”

“நாம மாத்தணும்னு நெனச்சதையே அவர் இன்னொரு தடவை சொல்லிட்டாரும்மா.”

மறுநாள் அடக்கத்துக்குத் தம்பியை ஜெயிலிலிருந்து கொண்டுவந்தார்கள். அவன் இடது கையும் ஒரு வயதான போலீஸ்காரரின் வலது கையும் ஒரே விலங்கில் இருந்தன. அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே அக்காவிடம் கேட்டான்.

“வந்தவங்ககிட்ட பேசினாரா?”

“பேசினாரு.”

“என்ன சொன்னாரு?”

பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நீ நல்ல வேலைக்காரன்னு சொன்னாரு.”



சவப்பெட்டியைத் தூக்கும்போது தம்பி முன்னால் போய்த் தோள்கொடுத்தான். பிடிமானத்துக்கு இடது கையையும் உயர்த்த வேண்டியிருந்தது. விலங்கு இழுபட்டது. போலீஸ்காரர் ஒரு கணம் தயங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் கையையும் பெட்டிக்கு அடியில் கொடுத்தார். சந்து குறுகல். இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடிக்காமல், ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்து நடந்தார்கள்.