நகலா, நகர்த்தலா

பல்செட் செய்பவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பழைய கம்ப்யூட்டரை அப்படியே, கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டராக்கி அதற்குள் ஏற்றியிருந்தார். பல்லை வடிவமைக்கும் மென்பொருளோ, ‘இது வேறு கம்ப்யூட்டர், உரிமம் செல்லாது’ என்று ஒரே பிடியாக நின்றது. முன்னறையில் பல்செட்டுக்காகக் காத்திருந்த பொக்கைவாய் டீச்சர் மூன்றாவது முறையாகத் தொண்டையைச் செருமினார்.

போனில் மைத்துனன் கேட்டான். “மெய்நிகர் கம்ப்யூட்டரை முதல்ல திறந்தப்ப, இது நகர்த்தினதா நகலெடுத்ததான்னு கேட்டுச்சே, என்ன சொன்னீங்க மாமா?”

“நகல்னேன். அதானே உண்மை?”

“குடியைக் கெடுத்தீங்க. நகல்னா அது புது அடையாளம் போட்டுக்கும். உரிமத்துக்குப் பழைய அடையாளம்தான் தெரியும். இப்ப ஏத்தினதை அழிச்சிட்டு மறுபடி ஏத்துங்க. இந்தத் தடவை நகர்த்தினேன்னு பொய் சொல்லுங்க.”

ஏற்றினார். அதே கேள்வி வந்தது. இருபது வருடமாகப் பொய்ப்பல் கட்டிய விரல், ஒரே ஒரு பொய்யை அமுக்கத் தயங்கியது.