கிளாட்வின் பிடித்த அட்டை

அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்பதில்தான் கிளாட்வினுக்கு முதல் குழப்பம் வந்தது. எழுத்து தெருவைப் பார்க்க வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் எழுத்து தெருவைப் பார்த்தால் தெரு அவனைப் பார்க்கும். அதனால் திருப்பதிக்குள் பஸ்கள் வளைந்து நுழைகிற அந்த நாற்சந்தியில், போலீஸ் நிழற்குடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எழுதிய பக்கத்தை மார்போடு அணைத்தபடி ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தான். டிராஃபிக் கான்ஸ்டபிள் ஹரிபாபு வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு நிதானமாக அருகில் வந்தார். அவருக்கு வெதுருகுப்பம் பக்கம் ஊர். வீட்டில் தமிழ், டூட்டியில் தெலுங்கு.

"சார், உல்ட்டாவா புட்ச்சிக்கினு இருக்கீங்க. திருப்புங்க. கோர்ட்டுக்கு போட்டோ அனுப்பணும்."

திருப்பினான். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று சிவப்பு மையில், தெலுங்கில், எருமைக்கும் தெரிகிற அளவில் எழுதியிருந்தது. மணி ஒன்பதரை. பன்னிரண்டரை வரைக்கும் நிற்க வேண்டும். நின்று முடித்தால் ஹரிபாபு ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளைக் காட்டினால்தான் ஸ்டேஷனுக்குப் பின்னால் பதினொரு நாளாகக் கிடக்கிற கார் வெளியே வரும்.

எல்லாம் ரேணிகுண்டாவில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனதால் வந்த வினை. கிளாட்வினுக்குச் சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. கூட வேலை செய்கிறவர் புது வீட்டு மொட்டை மாடியில் ஒரே ஒரு கிளாஸ் என்றார். அந்த ஒன்றுக்கு இரண்டு தம்பிகள் பிறந்தார்கள். சாயங்காலம் ஆறரைக்கு, வெளிச்சம் இன்னும் போகாத நேரத்தில், வழியில் நிறுத்தி மெஷினை நீட்டி ஊதச் சொன்னார்கள். விவரமானவன் சும்மா ஊதுவதுபோல் பாவனை பண்ணியிருப்பான். கிளாட்வின் கோயில் பாடகர் குழுவில் இருபது வருஷமாக பேஸ் என்கிற அடிக்குரலில் பாடுகிறவன். பழக்கதோஷத்தில் அடிவயிற்றிலிருந்து இழுத்து ஊதினான். மெஷின் அலறியது. கோர்ட்டில் அபராதம் போட்டார்கள், லைசென்ஸை மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூடவே இந்த மூன்று மணி நேர அட்டை.

சாலைக்கு எதிர்ப்புறம், டீக்கடை பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஷோபா உட்கார்ந்திருந்தாள். அவன் மனைவி, கணக்கு டீச்சர். அவனுக்கு லைசென்ஸ் இல்லாததால் காரை அவள்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பதினொரு நாளாக அவனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாடு ரெடி, தண்ணி வந்துட்ச்சி, கதவ சாத்துங்க, அவ்வளவுதான். அவள் கோபம் குடித்ததில் மட்டும் இருந்திருந்தால் நான்கு நாளில் தணிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் செகரட்டரி பாலசுந்தரம் அண்ணன், காரு எங்கம்மா, காணோமே என்று சாதாரணமாகக் கேட்க, சர்வீஸுக்கு விட்டிருக்குது அண்ணா என்று அவள் சொல்லிவிட்டாள். பரீட்சைத் தாளில் அரை மார்க் தவறாகப் போட்டால்கூட இரவு தூக்கம் வராத பொம்பளை அவள்.

காலையில் சித்தூர் பஸ்ஸில் வரும்போது அதைத்தான் சொன்னாள். "உங்களுக்கோசரம் ஒரு பொய் சொல்லிட்டேன். அன்னிலேருந்து அந்த மனுஷன் எதிர்ல வந்தா நான் வேற பக்கம் திரும்பிக்கினு போறேன். இன்னொரு பொய் என்னால ஆவாது. காரு எங்கேருந்து வருதுன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

"பாக்கலாம்" என்றான் கிளாட்வின். அவர்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். ஷோபா ஜன்னல் பக்கம் திரும்பியவள்தான், திருப்பதி வரைக்கும் கழுத்தைத் திருப்பவில்லை. அவன் கணக்கு வேறாக இருந்தது. திருப்பதியில் அவனை யாருக்குத் தெரியும்? மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, காரைப் பளபளவென்று கழுவி ஊருக்குள் கொண்டுபோனால், சர்வீஸிலிருந்து வந்த கார் போலத்தானே இருக்கும்?

பத்தரை மணிக்கு அந்த வெள்ளை வேன் வளைவில் திரும்பியது. பின்கண்ணாடியில் அவர்கள் சபையின் பேர். ரேணிகுண்டாவில் பெண்கள் கன்வென்ஷன் இருப்பதும், மாதர் சங்கம் வேன் பிடித்துப் போகப்போவதும் இரண்டு வாரமாகக் கோயிலில் வாசித்த அறிவிப்பு. கோயில் அறிவிப்பு நேரத்தில் கிளாட்வின் எப்போதும் பாட்டு நம்பரைத் தேடிக்கொண்டிருப்பான். வேன் அவனைத் தாண்டிப் போய், பிரேக் போட்டு, ஓரம்கட்டி நின்றது. அட்டையால் முகத்தை மறைக்கலாமா என்று நினைத்தான். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

"ஸ்தோத்திரம் கிளாட்வின்!" என்று பாலசுந்தரம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். பஸ் டெப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் இன்னும் டெப்போவுக்கான குரல்தான். "இன்னாப்பா இது, ஒரு வார்த்த சொல்லல!"

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் நடந்துகொண்டிருந்தன. அந்த நாற்பது நாளும் சனிக்கிழமைதோறும் சபையார் சித்தூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் வசனம் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், துண்டுப் பிரசுரம் கொடுப்பதும் தாத்தா காலத்திலிருந்து வருகிற வழக்கம். தங்கள் சபைக்காரன் ஒருவன் வெள்ளைச் சட்டையோடு சாலை முனையில் அட்டையும் கையுமாக நிற்பதைப் பார்த்தால் அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

மாதர் சங்கத் தலைவி ஜெயசீலி அக்கா பின்னாலேயே இறங்கிவிட்டாள். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "குடிய விட்டுட்டாலே பாதி ஊரு தேறிடும். நாங்க கும்பலா நிக்கறதுக்கே வெக்கப்படறோம், இந்தத் தம்பி பாரு, ஒண்டியா, அதுவும் திருப்பதியில!" சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்துப் படம் பிடித்து, சபை வாட்ஸப் குரூப்பில் போட்டும்விட்டாள். எட்டுப் பெண்கள் இறங்கி அவனைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். கிளாட்வின் "ஆங்" என்றான். பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, எல்லாவற்றையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

பாலசுந்தரம் ஹரிபாபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போலீஸ் டிபார்ட்மென்ட்டும் ஒத்தாசையா இருக்கறது பெரிய விஷயம் சார்."

ஹரிபாபு கிளாட்வினின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் கெஞ்சியது. "பர்வாலேது அண்டி, பரவால்லீங்க" என்றார் அவர், துளியும் சிரிக்காமல். "சாருக்கு பந்தோபஸ்து டூட்டி எனக்கு. ஆனா அட்டய சாரு மட்டும்தான் புடிக்கணும். ரூல்ஸ்."

ஜெயசீலி அக்கா ஒரு பாட்டை எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வரிக்குள் கிளாட்வினின் பேஸ் குரல் தானாகவே உள்ளே நுழைந்துவிட்டது. மலைக்குப் போகிற ஜீப்பில் இருந்தவர்கள்கூடத் தலையை நீட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, அட்டையைப் படித்து, தலையாட்டிவிட்டுப் போனார். வெட்கத்தை விட்டுச் சொல்லப்போனால் கிளாட்வினுக்குச் சந்தோஷமாக இருந்தது. முதுகு நிமிர்ந்துவிட்டது. உண்மையிலேயே இதற்காகத்தான் விடிகாலையில் எழுந்து பஸ் பிடித்து வந்ததுபோல ஒரு நிமிஷம் அவனே நம்பினான்.

"வர ஞாயித்துக்கெழம பத்து நிமிஷம் நீ பேசற" என்றார் பாலசுந்தரம், பாட்டுக்கு மேலே குரலை உயர்த்தி. "இந்த ஊழிய பாரம் உனக்கு எப்டி வந்ததுன்னு சொல்லு. பாஸ்டர் ஐயாகிட்ட நான் பேசிக்கறேன்."

அப்போது ஷோபா சாலையைக் கடந்து வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். அவளைக் கண்டதும் கும்பல் இன்னும் குஷியாகிவிட்டது. பாலசுந்தரம் அவள் பக்கம் திரும்பி, அன்பாகவே கேட்டார்.

"அட, நீயும் வந்துக்கிறியாம்மா? எதுல வந்தீங்க? சர்வீஸ்லேருந்து காரு வந்துட்ச்சா?"

ஷோபா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கிளாட்வினைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் அவன் சமாளித்திருப்பான், பதினொரு நாள் பழக்கம் இருந்தது. அவள் பயந்துபோயிருந்தாள். வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்ட பிள்ளைபோல, பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஷோபா யாரிடமும் பயந்து அவன் பார்த்ததில்லை. தன்னால்தான் அவள் இப்படி நிற்கிறாள்.

"காரு சர்வீஸுக்குப் போவல அண்ணா" என்றான். "போலீஸ்ல புட்ச்சி வெச்சிக்கிறாங்க. நான் குட்ச்சிட்டு ஓட்னேன். இது ஊழியமில்ல, கோர்ட்ல குடுத்த தண்டன. ஷோபா எனக்கோசரம்தான் அப்டி சொன்னா."

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. காது சரியாகக் கேட்காத வெங்கடம்மா மட்டும் பின்வரிசையில் அரை வரி தனியாகப் பாடிவிட்டு, சுற்றிலும் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஹரிபாபு ஒரு வண்டியும் வராத பக்கம் திரும்பி விசில் ஊதினார்.

"அய்யய்யோ" என்றாள் ஜெயசீலி அக்கா, போனைப் பார்த்து. "முப்பது பேரு ஆமென் போட்டுட்டாங்களே."

பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஹரிபாபுவிடம் போய் ஏதோ கேட்டார். பிறகு திரும்பி, "நேரமாவுது, ஏறுங்க" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். வேன் போய்விட்டது. யாரும் ஜன்னல் வழியாகக் கையசைக்கவில்லை.

கிளாட்வினுக்குக் கை கனத்தது. அட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. இனி கோயிலில் எந்த வரிசையில் உட்காருவது, பாடகர் குழு அங்கியைத் தானே மடித்துக் கொடுத்துவிடலாமா என்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஷோபா அட்டையின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி நிமிர்த்தினாள்.

"நேரா புடிங்க" என்றாள். "தண்ணி குடிச்சிட்டுப் புடிங்க." பிறகு டீக்கடைக்குத் திரும்பிப் போகாமல், அவன் பக்கத்திலேயே நின்றாள். வெயில் ஏறியது. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டரை வரைக்கும் நின்றாள். அவன் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தான். இரண்டு முறையும் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அவளுக்கு அது சிரிப்பாக இருந்ததுபோல, உதட்டை மடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பறிமுதல் வண்டிகளெல்லாம் வெயிலில் வரிசையாகக் கிடந்தன. கார் மேல் ஒரு விரற்கடை தூசி. யாரோ அதில் விரலால் ஒரு கோழி வரைந்திருந்தார்கள். ஷோபா உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினாள். காரும் அவளைப்போலவே பதினொரு நாளாகப் பேசாமல் இருந்திருக்கிறது.

"பேட்டரி காலி சார்" என்றார் ஹரிபாபு. "தள்ளணும். நாம ரெண்டு பேருதான்."

கேட் பக்கம் ஹாரன் கேட்டது. வெள்ளை வேன் உள்ளே வந்துகொண்டிருந்தது. கன்வென்ஷனில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்றார் பாலசுந்தரம், இறங்கிக்கொண்டே. "பதினோரு நாளு வெயில்ல நின்ன வண்டி எப்டி ஸ்டார்ட் ஆவும்? முப்பத்திநாலு வருஷம் டெப்போல இன்னாத்த கிழிச்சேன் நானு? ஷோபாம்மா, ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்ச்ச மிதிச்சிக்கோ. நான் சொன்னா வுடு." கிளாட்வினை அவர் பார்க்கவில்லை. பானெட்டில் இருந்த கோழியை மட்டும் கையால் துடைத்துவிட்டார்.

ஜெயசீலி அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து டிக்கியில் கை வைத்தாள். "போட்டோவ எடுத்துடலாம்னுதான் பாத்தேன்" என்றாள். "அப்புறம் வுட்டுட்டேன். கீழ இன்னா எழுதணுமோ நீயே எழுது தம்பி."

"எழுதறேன்க்கா" என்றான். அவன் பாக்கலாம் என்று சொல்லாததை முன்சீட்டில் இருந்தவள் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியில் அவள் கண்கள் ஒரு தடவை நிமிர்ந்து இறங்கின.

எட்டுப் பெண்களும் ஹரிபாபுவும் கிளாட்வினும் சேர்ந்து தள்ளினார்கள். பாலசுந்தரம் பக்கத்தில் ஓடிக்கொண்டே டெப்போ குரலில் கத்தினார். "இப்ப வுடு!" கார் ஒரு உதறு உதறி, கரும்புகையைக் கக்கி, உறுமிக்கொண்டு கிளம்பியது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நிறுத்தினால் மறுபடியும் அணைந்துவிடும். அதனால் ஷோபா நிறுத்தவில்லை. மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள், ஸ்டீரிங்கை மார்போடு அணைத்தபடி, பறிமுதல் வண்டிகள்மேல் மயிரிழையில் இடிக்காமல். இரண்டாவது சுற்றில் எட்டிப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க!"

கிளாட்வின் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். புழுதிக்குள்ளே மாதர் சங்கம் கை தட்டியது. கதவு ஆடிக்கொண்டே அவனுக்கு ஒரு சாண் முன்னால் போய்க்கொண்டிருந்தது, உள்ளே ஷோபா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.